ஊதாச் சீட்டும் செர்ரிச் சிவப்பும்

'ஒட்டுப் போட்ட புத்தகத்துக்கு ஓட்டுக் கிடையாது!'

இந்த முழக்கம் அடியேன் கண்டுபிடிப்பு. டொலீடோ நகரப் பழைய காமிக்ஸ் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நாங்கள் வியாழக்கிழமைதோறும் கூடும் பௌலிங் கூடத்துப் பின்னறையில் மாட்டியும் வைத்தேன். கிழிசலைப் பசையால் மூடிவிட்டு, வெளுத்த இடத்தில் சாயம் தடவிவிட்டு, 'அச்சகத்திலிருந்து வந்தது வந்தபடி இருக்கிறது' என்று கூசாமல் கைமாற்றிவிடும் ஆசாமிகளை ஒஹாயோ மாநிலத்திலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்திருந்தேன். அப்படிப்பட்ட புத்தகம் யாரால் கெட்டதோ, அவர் சங்கத்தை விட்டு நீக்கம். வீட்டார் செய்தாலும் வீட்டுக்காரரே பொறுப்பு. சட்டமும் நான் எழுதியதுதான். அவ்வளவு அறிவோடு எழுதினேன்.

என் பெயர் நார்பர்ட் ஸிலின்ஸ்கி. அடிபட்ட கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் மதிப்பிடுவது தொழில். ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. 'பின்னாலிருந்து இடிச்சுட்டான் சார்' என்று அழுகிறவரின் பம்பரை ஒரு பார்வை பார்த்தால் போதும், அவரே பின்னால் போய் மரத்தில் முட்டிய கதை எனக்குத் தெரிந்துவிடும். என்னை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று இருந்தேன். பிறந்து, வளர்ந்து, என்னையே கல்யாணம் செய்துகொண்டு வீட்டில் இருப்பது தெரியாமல்.

போன வருஷம் என் நண்பன் டுவேன் ஹாஃப்ஸ்டெட்டரிடமிருந்து 'கேப்டன் கொதிகலன்' முதல் இதழை வாங்கினேன். சும்மா இல்லை. ஈரி ஏரியில் மீன் பிடிக்க நான் வைத்திருந்த படகை அவனுக்குக் கொடுத்து வாங்கினேன். அவன் அடுத்த தெருக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. வந்த புத்தகத்தைத் தரம் போடும் கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மேலே ஒரு சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். யாரும் கை வைக்காத புத்தகம் என்றால் நீலச் சீட்டு. ரகசிய மராமத்து நடந்திருந்தால் ஊதா. நீலம் வந்தால் கல்யாண வீடு. ஊதா வந்தால் இழவு வீடு.

பார்சல் வந்தது. பிரித்தேன். இழவு.

'முகப்பில் கேப்டனின் கால்சட்டையில் சிவப்புச் சாயம் தீட்டப்பட்டுள்ளது. முதுகுக் கிழிசல் பசையால் ஒட்டப்பட்டுள்ளது.'

"லொரெய்ன்! மோசம் போயிட்டேன்!"

"கத்தாத, இங்கதான் இருக்கேன். என்ன, படகு மூழ்கிடுச்சா?" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

"படகு இப்ப டுவேன்கிட்ட இல்ல இருக்கு?"

"அப்ப டுவேன் மூழ்கிட்டானா?"

"மூழ்கினது நான்! இங்க பாரு, ஊதா!"

அவள் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நல்ல நிறமாத்தான் இருக்கு. நம்ம குளியலறைக்கு இதே மாதிரிதான் ஒரு திரை தேடிக்கிட்டிருக்கேன்."

இவளிடம் பேசிப் பயனில்லை என்று டுவேனுக்குப் போன் போட்டேன்.

"டுவேன், கேப்டன் கால்சட்டைக்குச் சாயம் பூசினது யாருடா?"

"அச்சடிச்சவன்."

"முதுகுல பசை வச்சது?"

"உனக்குக் காய்ச்சலா நார்பர்ட்?"

"ஊதாச் சீட்டு வந்திருக்குடா!"

"என் கையை விட்டுப் போறப்ப அது பச்சைக் குழந்தைடா. உன் வீட்டுல யார் கை வச்சாங்களோ!"

"என் வீட்டையா சொல்றே?"

"நீ என்னையே சொல்றியே!"

போனை வைத்தேன். அவனும் வைத்தான். யார் முதலில் வைத்தது என்பதில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அன்றைக்கே சங்கத்தில் புகார் கொடுத்தேன். புகார் கொடுத்தவரும் தலைவர், வாங்கிக்கொண்டவரும் தலைவர் என்பதால் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. வியாழக்கிழமை விசாரணை. கம்பெனிக்கும் 'மறுபடி பாருங்கள்' என்று மனுப் போட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம், மேஜையில் லொரெய்ன் கொத்திறைச்சியில் சுட்ட மீட்லோஃபிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அவனைச் சங்கத்தை விட்டுத் தூக்காம எனக்குத் தொண்டையில எதுவும் இறங்காது" என்றேன்.

"இது மூணாவது துண்டு, நார்பி."

"துக்கத்துல திங்கறேன்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பெருமூச்சு விட்டாள். ஜன்னலைப் பார்த்தாள். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் அப்படிப் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"இனிமே மறைக்க முடியாது. சாயம் தடவினது நான்தான்."

மீட்லோஃப் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன்.

"எப்ப?"

"நீ புத்தகம் அடுக்கி வச்சிருக்கற கீழறையைச் சுத்தம் பண்ணினப்ப. கேப்டன் முட்டிகிட்ட வெள்ளையா ஒரு பொட்டு. பாவம், இத்தனை வருஷமா ஓட்டைக் கால்சட்டையோட பறக்கறாரேன்னு மனசு கேக்கல. என் நெயில் பாலிஷை எடுத்து..."

"நெயில் பாலிஷா!"

"செர்ரிச் சிவப்பு. அப்படியே பொருந்திடுச்சு. நீயே கண்டுபிடிக்கலியே!"

"முதுகுல பசை?"

"எங்கம்மாவோட பல்செட் பசை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

கேப்டன் கொதிகலனின் முதுகெலும்பைத் தாங்கி நிற்பது என் மாமியாரின் பல்செட் பசை! முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றால் பிளாஸ்டிக் பெட்டி. உடைத்தால் மதிப்பெண் போச்சு.

"நாளைக்கு இதைச் சங்கத்துல சொல்லியாகணுமே, லொரெய்ன்!"

"தாராளமா சொல்லு. சட்டப்படி யாரைத் தூக்குவாங்க?"

"வீட்டுக்காரரை."

"அது யாரு?"

"நான்."

"பாத்தியா, எவ்வளவு நல்லா எழுதியிருக்கே சட்டத்தை!" என்று எனக்கு நாலாவது துண்டை வைத்தாள். "நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ டுவேன் மேல போட்ட புகாரை வாபஸ் வாங்கிக்க. தப்பு உன் மேலதான்னு பட்டும் படாம ஒரு வார்த்தை சொல்லி, பதவியையும் விட்டுடு. அடுத்த வாரத்துலேருந்து வியாழக்கிழமை சாயங்காலம் எங்கூட போல்கா ஆட வா. சர்ச் மண்டபத்துல சொல்லிக் குடுக்கறாங்க."

"போல்காவா! வியாழன்னா சங்கம்!"

"பாட்டில்ல இன்னும் பாதி இருக்கு நார்பி. கீழறையில நிறையக் கால்சட்டையும் இருக்கு."

ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை பின்னறை நிரம்பி வழிந்தது. நான் எழுந்தேன். "நண்பர்களே, புகாரை வாபஸ் வாங்குகிறேன். கவனக்குறைவு என் பக்கம்தான்" என்று ஆரம்பித்தேன். அதே நேரம் எதிர்ப்பக்கம் டுவேனும் எழுந்தான்.

"இல்லை, தப்பு என் பேர்லதான்!"

"சும்மா இருடா, என் பேர்ல!"

"நீ உக்காருடா. எனக்குத் தெரியும், எம்பேர்லதான்!"

நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறானே, இவனையா சந்தேகப்பட்டேன்! அவன் கண் கலங்கியிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஒரு கறைக்கு இரண்டு குற்றவாளிகள் கிடைத்ததில் சங்கம் குழம்பிப்போய், இரண்டு பேரையும் மன்னித்து, தலைவர் பதவியை மூன்றாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டது.

அடுத்த வியாழன் மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மன்னிக்கணும் சார். அதே இதழ் ரெண்டு ஒண்ணா வந்ததுல சீட்டு மாறிடுச்சு. ஊதா, நெப்ராஸ்காவுல ஒருத்தரோடது. சாயம் பூசினவரே அவர்தானாம். நீலச் சீட்டைப் பார்த்துப் பயந்துபோய் அவரே போன் பண்ணிட்டார். பெட்டியில அடைக்கறதுக்கு முன்னாடி நாங்க எடுத்த படங்களையும் ஒத்துப் பார்த்துட்டோம். உங்க புத்தகத்துல யாருமே கை வைக்கல."

"வச்சிருக்காங்கம்மா! நல்லாப் பாருங்க! செர்ரிச் சிவப்பு!"

"இல்லவே இல்ல சார். சுத்தமான நீலம். வாழ்த்துகள்."

வாழ்த்துகளாம்! நெப்ராஸ்காவில் ஒரு யோக்கியன் இருக்கிறான் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. நேரே சமையலறைக்குப் போனேன்.

"லொரெய்ன், நீ அந்தப் புத்தகத்தைத் தொட்டியா, இல்லையா?"

"நானா? அந்தக் கீழறையில எட்டுக்கால் பூச்சி இருக்கு. நான் எதுக்கு அங்க போறேன்?"

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"டுவேன்கூடப் பேச்சை நிறுத்தினியே, அன்னையிலேருந்து அவன்கிட்ட பேச வேண்டியதையும் சேர்த்து எங்கிட்டயே பேசினே. காபி குடிக்கறப்ப ஊதா. கார்ல ஊதா. சர்ச்சுல ஜெபம் நடக்கறப்பகூட காதுகிட்ட வந்து ஊதா ஊதான்னு ஊதினே. ஒரு பொம்பள எவ்வளவு தாங்குவா?"

"அதுக்காகப் பச்சைப் பொய்யா?"

"சிவப்புப் பொய். நான் சொன்னேன், நீ நம்பினே. பல்செட் பசை காகிதத்துல ஒட்டுமான்னு ஒரு கேள்வி கேட்டியா? ஊர்ல இருக்கற பம்பர் எல்லாத்தையும் தட்டிப் பாக்கறவன்தானே நீ?"

ஆயிரம் புத்தகத்துக்குத் தரம் பார்த்தேன். தாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஒப்பந்தம் செல்லாது. நான் ஆட வர மாட்டேன்!"

"வராத. சங்கத்துல போய் நின்னு, பொண்டாட்டி விட்ட கதையை நம்பிப் பதவியைத் தொலைச்சேன்னு சொல்லு. சாட்சிக்கு வேணும்னா நானும் வர்றேன்."

நல்ல ஷூவைத் தேடப் போனேன்.

சர்ச் மண்டபத்தில் அக்கார்டியன் முழங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஓரமாக, கழுத்தில் டையெல்லாம் கட்டிக்கொண்டு, தூக்குமேடைக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான் டுவேன்.

"நீ எங்கடா இங்க?"

"ஆர்டித் இழுத்துட்டு வந்துட்டாடா." ஆர்டித் அவன் மனைவி. அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லாத. உன் புத்தகத்தைக் கெடுத்தது அவதான். படகு வர்றதுக்கு முன்னாடியே, கேப்டன் முட்டியில லிப்ஸ்டிக் தடவிட்டாளாம்."

"முதுகுல?"

"பான்கேக் சிரப்பாம்."

நான் அவனுக்கு நெப்ராஸ்காவைப் பற்றிச் சொன்னேன். பிறகு நெயில் பாலிஷைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். மண்டபத்தின் நடுவே, லொரெய்னும் ஆர்டித்தும் கைகோத்துக்கொண்டு பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு இரண்டு பேர் முகத்திலும்.

"லொரெய்ன்! எங்கூட ஆடத்தானே கூட்டிட்டு வந்தே?" என்றேன், அவள் சுற்றி வந்தபோது.

"உங்கூடவா?" சுழற்சி நிற்காமலேயே பதில் வந்தது. "நானும் ஆர்டித்தும்தான் எப்பவும் ஜோடி. இன்னும் ரெண்டு பேர் சேரலைன்னா வகுப்பை மூடிடுவோம்னு சொல்லிட்டாங்க. அதான் உங்க ரெண்டு பேரையும்..."

மிச்சம் அடுத்த சுற்றில் வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் ஆசிரியை வந்து, டுவேனின் கையை எடுத்து என் இடுப்பில் வைத்துவிட்டாள். அவன் உயரமாம், அதனால் நான்தான் பெண் பக்கம்.