லேமினேட் செய்த பில்

பில்லைத் தொலைப்பவர்களைக் கண்டால் கடைக்காரர்களுக்குச் சந்தோஷம். பத்திரமாக வைத்திருப்பவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம். அளவுக்கு மீறிப் பத்திரமாக வைத்திருப்பவனைக் கண்டால் என்ன செய்வார்கள் என்பது நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்குத் தெரியவந்தது. சிரிப்பார்கள்.

நான் தினமும் டைரி எழுதுகிறவன். என் குடையில், டார்ச்சில், மண்வெட்டிக் காம்பில்கூட என் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். ("இந்த வீட்டுல உங்க பேரு ஒட்டாதது நான் மட்டுந்தான்" என்பாள் என் மனைவி கிரேஸ்.) எங்கள் ஊர்ப் பக்கம் காகிதத்துக்கு மரியாதை அதிகம். ஞானஸ்நானச் சீட்டு, பள்ளிக்கூட மார்க் ஷீட், சபைப் போட்டியில் வாங்கிய மூன்றாம் பரிசுச் சான்றிதழ் எல்லாம் லேமினேட் ஆகி பீரோவில் படுத்திருக்கும். அந்த மரியாதையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த வருடம் கிரேஸுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை எழவில்லை. எங்கள் ஒரே மகள் ஜெனி எம்.காம். முடித்துவிட்டு நெடுநாளாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கலாம் என்று அவளை எடுத்துக்கொண்டது. அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம், சம்பளமும் வரும். நிபந்தனை ஒன்றுதான்: சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், பயிற்சி முடியும்வரை இணைப்பு அறுபடக் கூடாது.

நாகர்கோவிலில் அந்தக் கடையில் லேப்டாப் வாங்கினோம். ஜெனி அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் பில்லோடு லேமினேஷன் கடைக்குப் போய்விட்டேன். அந்த வழுவழுப்பான காகிதத்தில் எழுத்து மங்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அது சூட்டில் எழுத்து விழுகிற காகிதம் என்பதைப் படித்திருக்கவில்லை. மிஷினின் ஒரு பக்கம் வெள்ளையாக உள்ளே போனது, மறுபக்கம் அடிப்பிடித்த தோசைபோல வெளியே வந்தது.

கடைக்காரப் பெண் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சாரே, இது முன்னமே கறுப்பா இருந்ததா?"

நான் காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, 'கம்ப்யூட்டர் பில்' என்று லேபிள் ஒட்டி ஃபைலில் வைத்தேன். புதுப் பொருள், கெட்டா போகும்?

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பயிற்சியின் நடுவில் உள்ளே விசிறி கூரை பிய்ந்துபோவதுபோல இரையும், பிறகு திரை அணைந்துவிடும். ஜெனி மறுபடி உயிர்ப்பித்து, மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்தில் தொடர்வாள். மறுபடி அணையும். பயிற்சி கொடுத்த அம்மாள் முதலில் பரிதாபப்பட்டார், பிறகு சலித்துக்கொண்டார், கடைசியில் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

நுகர்வோர் சட்டத்தைத் தேடிப் படித்தேன். குளியலறையில் ஒத்திகையும் பார்த்தேன். கிரேஸுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு, ஜெனியையும் லேப்டாப்பையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"நாங்க விக்க மட்டுந்தான் சாரே" என்றார் முதலாளி. "கோளாறுன்னா திருநெல்வேலியில கம்பெனி சர்வீஸ் சென்டர் உண்டு. அங்க கொண்டு காட்டுங்க."

"வாங்கின வாரத்துலயே கெட்டா, வித்தவருக்கும் பொறுப்பு உண்டு. சரியாக்கித் தரணும், மாத்தித் தரணும், இல்லன்னா பணத்தத் திருப்பித் தரணும். கம்பெனியைக் கைகாட்டிட்டு நீங்க ஒதுங்க முடியாது. சட்டம் படிச்சிருக்கியளா?"

ஜெனி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். (அன்றைக்கு அதுதான் கடைசி.)

"படிச்சவிய சொன்னா கேட்டுத்தானே ஆகணும்" என்றார் முதலாளி. "பில்ல எடுங்க."

ஃபைலைத் திறந்து, கறுப்பு அட்டையை மேஜைமேல் வைத்தேன். அவர் முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது என்னது?"

"பில்."

"எழுத்து எங்க?"

"உள்ள இருக்கு."

பக்கத்தில் பழைய பிரிண்டரை மடியில் வைத்துக் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "எக்ஸ்ரேல்லா இது! லைட்டுல பிடிச்சுப் பாரும் ஓய், நெஞ்சுல சளி உண்டான்னு தெரியும்."

முதலாளி உண்மையிலேயே அதை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கடை முழுக்கச் சிரித்தது. ஜெனி சிரிக்கவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கும்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"பில் நம்பர் வேணும் மக்களே" என்றார், மகளிடம் சொல்வதுபோல.

"எங்கள உங்களுக்கு ஞாபகம் இல்லியா? நீங்கதானே வித்திய?"

"நல்லா ஞாபகம் இருக்கு. ஞாபகத்த ஸ்கேன் பண்ணி கம்பெனிக்கு அனுப்ப முடியாதே."

பஸ்ஸில் ஜெனி கேட்டாள்: "ஃபோன்லதானே பைசா அனுப்பினோம்? அந்த மெசேஜ் இருக்கும்லாப்பா?"

சனிக்கிழமைதோறும் ஃபோனில் உள்ள மெசேஜ்களையெல்லாம் அழித்துச் சுத்தமாக வைப்பது என் வழக்கம். அதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்தில் இறங்கும்போது, "பேங்க்ல கேட்டா கணக்கு அடிச்சுத் தருவாங்க. நாளைக்கே போங்க" என்றாள்.

போனேன், கொடுத்தார்கள். கடையின் பெயரோடு, பணம் போனது தெளிவாக இருந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுத அது போதும். ஒரே நாளில் எழுதி முடித்திருக்கலாம். நான் எழுதினேன், அடித்தேன், மார்ஜின் கோணலாக இருந்ததால் மறுபடி எழுதினேன். சட்டப்பிரிவுகளைப் பச்சை மையால் அடிக்கோடிட்டேன். "முத்து முத்தா இருக்கு கையெழுத்து" என்றாள் கிரேஸ், பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பாத வாயால். அதற்குள் கம்பெனியிலிருந்து ஜெனிக்கு மெயில் வந்துவிட்டது. பயிற்சியை முடிக்காததால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அவள் அழவில்லை. சென்னையில் ஓர் அலுவலகத்தில், நேரில் போய்ப் பார்க்கிற வேலைக்கு எழுதிப் போட்டாள். கிடைத்தது. புறப்படும்போது சான்றிதழ்களை எல்லாம் எடுத்துப் பையில் வைத்தாள். பையை நான் வாசல்வரைகூடத் தூக்கிவர அனுமதி இல்லை. "அப்பா தொட்டா கறுத்துப் போவும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆணையத்தின் நோட்டீஸ் கடைக்குப் போன பிறகு முதலாளியே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் புது லேப்டாப்.

"கேஸ வாபஸ் வாங்கிருங்க சாரே. நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" என்றவர், புது பில்லை என்னிடம் நீட்டாமல் கட்டிலில் இருந்த கிரேஸின் வலது கையில் கொடுத்தார். "அம்மா, இத நீங்க வச்சுக்கிடுங்க. சார் கண்ணுல காட்டாதீங்க."

நோய் வந்த பிறகு கிரேஸ் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சட்டப்படி நான் ஜெயித்துவிட்டேன். அந்த லேப்டாப் ஒருநாளும் கெட்டதில்லை, கெடுகிற அளவுக்கு அதில் யாரும் வேலை பார்த்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அதைத் திறந்து வைப்போம். ஜெனி திரையில் வருவாள். கிரேஸ் இடது கையை முடிந்தவரை தூக்கிக் காட்டுவாள். "இன்னும் கொஞ்சம் தூக்கும்மா, இன்னும் கொஞ்சம்" என்பாள் ஜெனி. பேசி முடித்து அவள் மறைந்ததும் திரை கறுப்பாகிவிடும்.

"லேமினேட் ஆயாச்சு" என்பாள் கிரேஸ், ஒவ்வொரு வாரமும்.

நானும் சிரிப்பேன். பிறகு லேப்டாப்பை மூடி உறையில் போட்டுவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்காருவேன். நான் எடுக்கிற வகிடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருக்கும். பின்னல்தான் எனக்கு இன்னும் கைவரவில்லை.