கவலையேன் டாட் காம் காத்த கடிதம்

மனித குல வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, 2003ஆம் ஆண்டு ஆடி மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு ஏ.சி. அரங்கில் நடந்த கூட்டத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். நெருப்பால் சோறு வெந்தது. சக்கரத்தால் வண்டி ஓடியது. அந்தக் கூட்டத்தால் இன்னது நடந்தது என்று சொல்ல இதுவரை ஆள் கிடைக்கவில்லை. அது அவ்வளவு முக்கியமும் இல்லை.

கூட்டத்தின் பொருள்: 'அன்றாட இணையத் தொல்லைகளும் அவற்றை ஒழிக்கும் புதுமைத் தொழில்முனைவும்'. கூட்டியவர்கள் 'கவலையேன் டாட் காம்' நிறுவனத்தின் நிறுவனர், தலைவர், முதன்மைச் செயல் அலுவலர் ஆகிய மூவர். மூவரும் ராகவன்தான். கல்பாக்கம் நகரியத்தில் வளர்ந்தவர். கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் பதினெட்டு மாதம் வேலை பார்த்து, அதை மூடிவிட்டதால் 'துறை அனுபவம்' பெற்று ஊர் திரும்பியவர்.

அவருக்கு எதிரே மூன்றாவது நாற்காலியில் செங்கல்பட்டு சம்பத் உட்கார்ந்திருந்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், பிளைவுட் தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து 'சம்பத் பிரவுசிங் சென்டர்' நடத்துகிறவர். அவர் முன்னால் ஒரு பெயரட்டை இருந்தது. பெயருக்குக் கீழே, 'அடிமட்டப் பயனாளர் பிரதிநிதி'. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு பெப்பர்மிண்ட். நாற்பத்திரண்டு வயதில் சம்பத்தின் பெயரை அட்டையில் அச்சடித்து மேசைமேல் ஒருவர் வைப்பது அதுவே முதல்முறை. அதை யாரும் பார்க்காதபோது கொஞ்சம் நேராகத் திருப்பிவைத்துக்கொண்டார்.

முதல் யோசனையை இனியன் முன்வைத்தார். பொத்தேரியில் பொறியியல் முடித்தவர். நிறுவனத்தின் 'தொழில்நுட்பத் தூண்'.

"இன்டர்நெட்ல ஜனங்களுக்குப் பெரிய தொல்லை எது? குதிச்சுக் குதிச்சு வர்ற விளம்பர விண்டோ. நாம என்ன செய்யறோம்னா, ஒரு விளம்பரம் வந்தவுடனே நம்ம விண்டோ ஒண்ணு குதிச்சு வந்து, 'அதை மூடட்டுமா?'ன்னு கேட்கும்."

"மூடுன்னா மூடிடுமா சார்?" என்றார் சம்பத்.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களான்னு இன்னொரு விண்டோ கேட்கும். அப்புறம் மூடிடும்."

"நம்ம விண்டோவ யாரு மூடறது?"

"அது அடுத்த வெர்ஷன்ல."

அவை மேசையைத் தட்டிப் பாராட்டியது. இனியனிடம் இன்னொன்றும் இருந்தது. எல்லாருக்கும் வந்து குவிகிற குப்பை மெயில்களை நிறுவனமே படித்து, சாரத்தைத் தொகுத்து, தினமும் காலையில் நாற்பது பக்க மெயிலாக அனுப்பிவைக்கும்.

"குப்பையத்தான் யாருமே படிக்கிறதில்லயே சார்?"

"அதுதான் சார் பிரச்சினையே" என்றார் இனியன், வருத்தத்துடன்.

பிறகு ராகவன் எழுந்தார். விளக்குகளை அணைக்கச் சொன்னார். திரையில் ஒரு குழந்தை அழுதது. 'மறந்துபோன பாஸ்வேர்டு: இந்த நூற்றாண்டின் துயரம்' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

"சம்பத் சார், உங்க சென்டர்ல ஜனங்க பாஸ்வேர்டை மறந்துட்டா என்ன பண்றாங்க?"

"மறக்க மாட்டாங்க சார்."

"எப்படி?"

"அவங்களுக்குத் தெரியாதே. ஐ.டி. போட்டுக் குடுக்கறதே நான்தான். பாஸ்வேர்டும் நானே வெச்சி நோட்டுல எழுதிக்குவேன். இருநூத்திப் பதினாலு பேரு சார்."

"அப்ப அவங்க மெயில் பார்க்கணும்னா?"

"அவங்க எதுக்குப் பாக்கணும்? காலைல நாஸ்தா முட்ச்சிட்டு வந்து எல்லாத்தயும் நானே ஒரு ரவுண்டு தொறந்து பாத்துருவேன். எதனா முக்கியம்னா பி.பி. நம்பருக்குப் போன் அடிச்சி, இன்னா மாரி இன்னா மாரின்னு சொல்லிருவேன்."

பி.பி. நம்பர் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் போன். நோட்டில் அதற்கு நாலாவது கட்டம். நாலு வருடமாக இப்படித்தான் நடந்துவந்தது. கருங்குழிப் பக்கத்துப் பையனுக்கு இன்டர்வியூ வந்ததா, திருக்கழுக்குன்றத்துப் பெண்ணுக்குப் பரீட்சை முடிவு வந்ததா, எல்லாவற்றையும் அவரவருக்கு முன்பாக சம்பத் தெரிந்துகொள்வார். துபாயிலிருக்கும் மாப்பிள்ளை இந்த வருடமும் வரவில்லை என்று எழுதினால், முதலில் மாமியாரைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிவிட்டு, பிறகுதான் போனை மனைவியிடம் கொடுக்கச் சொல்வார்.

வீட்டில் புலி வளர்ப்பதாகச் சொன்ன ஒருவரைப் பார்ப்பதுபோல ராகவன் சம்பத்தைப் பார்த்தார்.

"நீங்க எல்லாரோட லெட்டரையும் படிக்கிறீங்களா?"

"படிக்காம எப்டி சார் சொல்றது?"

'தனியுரிமை' என்ற சொல்லை சம்பத் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். ராகவன் அதை இருபது நிமிடம் விளக்கினார். விளக்க விளக்க சம்பத்துக்கு வியர்த்தது. நாலு வருடமாக உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தது குற்றம் என்று தெரிந்தால் யாருக்கும் வியர்க்கத்தான் செய்யும். "ஆனா உங்களை நாங்க கைவிட மாட்டோம்" என்று ராகவன் முடித்தார். "எங்களோட முதல் 'அங்கீகரிக்கப்பட்ட மையம்' நீங்கதான்." அவமானம் அப்படியே பெருமையாக மாறியது. அதற்குச் சான்றாக ஒரு நீல டி-ஷர்ட்டும் வந்தது. முதுகில் 'கவலை ஏன்?' என்று போட்டிருந்தது.

அடுத்த வாரமே விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒரு காகிதம் அரைக்கும் இயந்திரத்தைச் சந்தனம், குங்குமம் வைத்து மேடையில் நிறுத்தினார்கள். சம்பத் தன் நோட்டைப் பக்கம் பக்கமாகக் கிழித்து அதன் வாயில் தானே ஊட்டினார். போட்டோ எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் ஊட்டச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து இருநூற்றுப் பதினாலு பேரின் பாஸ்வேர்டுகளும் யாராலும் உடைக்க முடியாதபடி மாற்றப்பட்டு, நிறுவனத்தின் 'பாதுகாப்புப் பெட்டக'த்தில் வைக்கப்பட்டன. பெட்டகத்தைத் திறக்கப் பதினாறு எழுத்தில் ஒரு சாவி. அந்தச் சாவியை நிறுவனம் மிகுந்த பொறுப்புடன் அவரவர் மெயிலுக்கே அனுப்பிவைத்தது. மெயிலைத் திறக்கப் பெட்டகத்தைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் அழகு யாருக்கும் உடனே புரியவில்லை.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை, கருங்குழியிலிருந்து விஜயகுமாரி பஸ் பிடித்து சென்டருக்கு வந்தாள். நர்சிங் படித்துவிட்டு எட்டு வருடமாக ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். கணவன் மணி லோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ முடித்திருந்தாள். முடிவு மெயிலில் வரும் என்றிருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, முன்னெல்லாம் நீயே போன் பண்ணுவ. இப்பல்லாம் ஒண்ணுத்தயும் காணோம்?"

"இப்ப அதெல்லாம் பாக்கக் கூடாதும்மா. தனியுரிமை."

"அது இன்னா எழவு?"

"உன் லெட்டர நான் பாக்கக் கூடாது. நீதான் பாக்கணும்."

"எனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"தெரியாட்டியும் நீதான் பாக்கணும்."

அவள் பெயரை அடித்ததும் கணக்குப் பக்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக வந்த ஒரு கடிதம் மின்னியது. தலைப்பு மட்டும் தெரிந்தது: 'பணி நியமனம். புதன் மாலை 5 மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவும்.' விஜயகுமாரி திரையைத் தொட்டுக் கும்பிட்டாள். சம்பத் கடிதத்தின்மேல் தட்டினார். பெட்டகம் சாவி கேட்டது. சாவி கடிதங்களோடு உள்ளே இருந்தது. சாவி இல்லாதவர்களுக்கு என்று ஒரு பாதுகாப்புக் கேள்வி வந்தது: 'உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?'

"இன்னா அண்ணாத்த கேக்குது?"

"வூட்ல எதனா ஆசயா வளத்தியான்னு கேக்குது."

"எரும இருந்துச்சி."

"பேரு?"

"எருமைக்கு எவன் பேரு வெப்பான்? எருமன்னுதான் கூப்டுவோம்."

'எரும' என்று அடித்தார். தவறு. எழுத்துத் தமிழை எதிர்பார்க்கிறதோ என்று 'எருமை' என்று அடித்தார். தவறு.

"இரு அண்ணாத்த, என் தம்பி ஒரு கோழிய மயிலு மயிலுன்னு கூப்ட்டுகினு திரிவான்."

'மயிலு'. திரை சிவப்பாகியது. 'உங்கள் பாதுகாப்பு கருதி இந்தக் கணக்கு 72 மணி நேரத்துக்கு மூடப்படுகிறது. எங்களை நம்பியதற்கு நன்றி.'

சம்பத் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் வியாழன் பதினொன்று.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். எடுத்த பெண் மிக இனிமையாகப் பேசினாள். "லெட்டர்ல ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கும், அதைச் சொல்லுங்க மேடம்."

"லெட்டர் தொறக்கலியேம்மா."

"அப்ப திறந்து பார்த்துட்டுக் கூப்பிடுங்க மேடம்."

அடுத்த பஸ்ஸில் இருவரும் மாமல்லபுரம் போனார்கள். கவலையேன் டாட் காம் அலுவலகத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல் தெரிந்தது. ராகவன் இருவருக்கும் இளநீர் தந்து, முழுவதையும் தலையசைத்துக் கேட்டார். பிறகு இனியனைக் கூப்பிட்டார்.

"கேள்விக்குப் பதில் 'டாமி' சார்" என்றார் இனியன்.

"யாரு டாமி?" என்றாள் விஜயகுமாரி.

"பெட்டகத்துல சேர்க்க உங்க சென்டர்ல முகாம் போட்டு ஃபாரம் வாங்கினப்ப யாருமே அந்த இடத்தை நிரப்பலை. காலியா விட்டா சிஸ்டம் ஒத்துக்காது. அதனால எல்லாருக்கும் டாமின்னு போட்டுட்டோம்."

"இருநூத்திப் பதினாலு பேருக்குமா?"

"ஆமா சார்."

"அத எங்களுக்குச் சொல்லணும்ல?"

"அது ரகசியம் சார்."

சம்பத் இளநீரை மேசைமேல் வைத்தார். "சரி, இப்ப டாமின்னு போட்டுத் தொறந்து குடுங்க."

"இப்ப பூட்டிடுச்சு. ராகவன் சாரே நினைச்சாலும் திறக்க முடியாது. நம்ம பெருமையே அதுதான்."

"சார், என் வூட்டுக்காரரு படுத்த படுக்கையா கீறாரு" என்றாள் விஜயகுமாரி. "புதன்கிழமக்குள்ள பதில் போடலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

ராகவனின் கண்கள் உண்மையாகவே கலங்கின. அவர் கெட்டவர் இல்லை. "இதை நீங்க கட்டாயம் புகாராக் கொடுக்கணும். ஒவ்வொரு புகாரும் எங்களுக்குப் பொக்கிஷம்."

"பேப்பர் குடுங்க சார், எழுதித் தரேன்."

"பேப்பர்ல இல்லம்மா. உங்க கணக்குக்குள்ள போனா வலது பக்கம் 'புகார்'னு பச்சையா ஒரு பட்டன் இருக்கும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். கடற்காற்று பலமாக அடித்தது. விஜயகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"உன் நோட்டு இன்னா ஆச்சி அண்ணாத்த?"

"அது இப்ப இல்லம்மா."

"யாரு எடுத்துகினாங்க?"

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ் அந்த நேரம் பார்த்து வந்ததற்கு சம்பத் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

வியாழன் பதினொரு மணி ஒரு நிமிடத்துக்கு 'டாமி' என்று அடித்ததும் பெட்டகம் பணிவுடன் திறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கடிதங்கள் இருந்தன. முதலாவது வேலை தருவதாகச் சொன்னது. இரண்டாவது, அன்று காலை வந்தது, பட்டியலில் அடுத்தவருக்கு அதைத் தந்துவிட்டதாகச் சொன்னது. சம்பத் இரண்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். முதலாவதை மட்டும் மடித்து விஜயகுமாரி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் நிறுவனத்தின் 'அரையாண்டு வெற்றி விழா' அதே ஏ.சி. அரங்கில் நடந்தது. பத்துப் 'பயன்பெற்றோரை' அழைத்துவரும்படி சம்பத்துக்கு உத்தரவு. ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். "நானும் வரேன் அண்ணாத்த" என்று விஜயகுமாரி தானாகவே போன் செய்தாள். ஏன் என்று சம்பத் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் தானாகத் தயாரித்த அறிக்கையை ராகவன் திரையில் ஓடவிட்டு உருக்கமாகப் படித்தார். "பயனாளர்கள், இருநூற்றுப் பதினாலு. மறந்துபோன பாஸ்வேர்டு, பூஜ்யம். இந்த ஆறு மாதத்தில் வந்த புகார்கள், பூஜ்யம்." கைதட்டல். "எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வெற்றிக் கதை. ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை, நம் பயனாளர் ஒருவரின் கடிதத்தைத் திறந்து படிக்க ஒரு மர்ம நபர் முயன்றிருக்கிறார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூன்று முறையும் நம் பெட்டகம் அவரைத் தடுத்துவிட்டது. ஒரு எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை!"

அரங்கம் அதிர்ந்தது. சம்பத்தும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது எந்தத் திங்கட்கிழமை என்று புரிந்தது. சுற்றிலும் எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தபோது நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. விஜயகுமாரி மேடையில் நின்றுகொண்டிருந்தாள். பயன்பெற்றோர் உரை போலும் என்று யாரோ மைக்கை இறக்கிக் கொடுத்தார்கள்.

"சார், அந்த மர்ம நபரு நான்தான்" என்றாள். "மூணு வாட்டியும் நான்தான் முயற்சி பண்ணேன். என் பேருக்கு வந்த லெட்டரு அது. படிச்சிருந்தா வேலைக்குப் போயிருப்பேன். தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிக்கங்க."

இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று முன்வரிசை தீர்மானித்து எழுந்து நின்று கைதட்டியது. இணையப் பாதுகாப்பு வரலாற்றிலேயே குற்றவாளி தானாக மேடையேறி ஒப்புக்கொண்டது இதுதான் முதல்முறை என்று ராகவன் தழுதழுத்த குரலில் அறிவித்தார்.

அதில் தவறே இல்லை. அன்று அந்த அரங்கில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நீல டி-ஷர்ட் போட்டவர்களே சம்பத்தையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். செய்ததை எழுந்து நின்று ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.