ட்ராயிங் மாஸ்டர் கட்டிய சமையலறை

என் வாழ்நாளில் சமையலறைக்குள் ஒரே ஒரு முறைதான் முழு மனதோடு நுழைந்திருக்கிறேன். அதுவும் கரண்டியோடு அல்ல, அடிக்கோலோடு. அந்த ஒரு முறையில் நான் செய்த சேதத்தை, அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து ஆயுள் முழுக்க முயன்றிருந்தாலும் செய்திருக்க முடியாது.

அறுபதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ட்ராயிங் மாஸ்டராக இருந்தேன். வயது இருபத்தேழு. அந்த வயதில் எனக்கு உலகமே சற்றுக் கோணலாகத் தெரிந்தது. அதை நேராக்கும் பொறுப்பு என்னுடையது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நவமணி தலைப்பிரசவத்துக்காகக் கயத்தாற்றில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் கழித்து, 'எப்போது அனுப்புகிறீர்கள்?' என்று கேட்கப் போனேன். என் மாமியார் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியபடியே, "ஒரு வயசு ஆகட்டும் மாப்ளே. அந்தப் புகைக்குள்ள பச்சப் பிள்ளையையும் வச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு அவ எப்பிடிச் சமைப்பா?" என்றார்.

நியாயமான கேள்வி. 'இரண்டு மாதம் கூடமாட யாரையாவது வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அன்றே பிரச்சினை முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "அத்தை, ரெண்டே மாசம் பொறுங்க. குனியவே வேண்டாத சமையலறை ஒண்ணு கட்டித் தாரேன்."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அங்கனதான வரணும்? அன்னைக்குச் சாப்பாட்டை அதுலயே சமைப்போம். சரியா வந்தா ரெண்டு பேரையும் விட்டுட்டு வாரேன். இல்லன்னா என்கூடவே கூட்டிட்டு வந்துருவேன்."

எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைப் போதகர் வீட்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி இடுப்பளவு மேடைக்கு முன் நின்றுகொண்டு, சிரித்தபடி எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். மூன்று பக்கமும் வெள்ளை வெளேரென்று அலமாரிகள், கண்ணாடிக் கதவுகள். அந்தப் படத்தில் ஒரு சுள்ளி விறகுகூட இல்லை என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. (பார்வைக் கூர்மைக்காகச் சம்பளம் வாங்கிய கண்.)

அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டின் அடுப்படியைக் காலி செய்துவிட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து வரைபடம் போட்டேன். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, வண்ணம் தீட்டியது ஒன்று. 'ப' எழுத்தின் வடிவம். ஒரு கையில் சிமெண்ட் மேடையும் அதன்மேல் அடுப்பும். எதிர்க்கையில் கண்ணாடி அலமாரி. இரண்டையும் சேர்க்கும் அடிச்சுவரில் பாத்திர அடுக்கு. நடுவில் மூன்றடி இடைவெளி. நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எட்டி எடுக்கலாம். தண்ணீர்ப் பானைகள் அழகைக் கெடுத்ததால் அவற்றை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

மாடசாமி ஆசாரி கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்தார். கொத்தனாரையும் அவரே கூட்டி வந்தார். வரைபடத்தை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், பிறகு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மேடை எம்புட்டு ஒசரம் சார்வாள்?" என்றார்.

நான் சுவரோரம் நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, "இந்த உயரம்" என்றேன். நான் ஐந்தடி பத்தங்குலம்.

ஆசாரி குறித்துக்கொள்ளவில்லை. "அப்போ நீங்களா சமைக்கப் போறீய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'சொன்னதைச் செய்யும்' என்றேன். செய்தார்.

அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். பால் வெள்ளையா, தந்த வெள்ளையா? இரண்டையும் பலகைத் துண்டுகளில் பூசி, காலை வெயிலில் ஒரு முறை, சாயங்கால வெயிலில் ஒரு முறை பார்த்தேன். பள்ளிக்கு எடுத்துப் போய்ச் சக ஆசிரியர்களிடமும் காட்டினேன். (கணக்கு வாத்தியார் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வேறு வழியாகப் போவார்.) கடைசியில் ஆசாரியிடமே கேட்டேன்.

"ரெண்டும் வெள்ளைதான சார்வாள்? ஒரு வாரத்துல கறுக்கப் போறதுக்கு எந்த வெள்ளையா இருந்தா என்ன?"

ரசனையில்லாத மனிதர் என்று முடிவு கட்டி, தந்த வெள்ளை எனாமலை நானே இரண்டு கை பூசினேன்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் நவமணியும் குழந்தையும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். நான் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன். நவமணி உள்ளே போனாள். கண்ணாடியைத் தொட்டாள், பெயிண்டைத் தடவினாள். எனக்கு நெஞ்சு விம்மியது.

"நல்லாத்தான் இருக்கு. அடுப்பு எங்கங்க?"

காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். (இல்லை, சும்மா சொல்கிறேன். ஆனால் மேடை அவள் மார்பளவு இருந்தது. அதன்மேல் அடுப்பு, அதன்மேல் பானை என்று வைத்தால் பானையின் வாய் அவள் நெற்றிக்கு மேலே போய்விடும்.) அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார்தான் சொன்னார்: "மாப்ளே, இருவது பேருக்குச் சாப்பாடு. போட்ட நிபந்தனை போகட்டும். பின்னால முத்தத்துல மூணு கல்லைக் கூட்டி ஆக்கிருவோம்."

எவ்வளவு பெரிய மனசு! நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்க வேண்டும். "புதுச் சமையலறை பின்ன எதுக்கு இருக்கு அத்தை?" என்று கேட்டேன்.

மறுநாள் கோயிலில் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. பிள்ளை அழக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் நவமணி மணைப்பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதில் ஏறி நின்றுகொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அடுத்த நிமிடம் கூப்பிட்டாள்.

"ஏங்க, மாரு நிக்க மாட்டேங்குது."

எங்கள் கரிசல் காட்டில் அடுப்பெரிப்பது பருத்திமார். பஞ்சு எடுத்து முடிந்த செடியை அப்படியே பிடுங்கிக் காயவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் நாலடி நீளம். தரையிலுள்ள அடுப்பில் நுனியை உள்ளே விட்டால் மீதி தரையில் கிடக்கும். எரிய எரியத் தள்ளிவிட்டால் போதும். என் அடுப்பு அந்தரத்தில் அல்லவா இருந்தது? செருகிய மார் அத்தனையும் வால்கனம் தாங்காமல், நெருப்போடு சரிந்து அவள் கால்மாட்டில் விழுந்தது. 'ஒடித்துப் போடு' என்றேன். ஒடித்த மார் பக்கென்று எரிந்து அணைந்தது. இருபது பேர் சோற்றுக்கு ஒடித்துக்கொண்டே இருப்பதென்றால் அதற்குத் தனியாக நாலு ஆள் வேண்டும்.

அரைமணி நேரம் நானே மார்க்கட்டின் வாலைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன், ஞாயிற்றுக்கிழமை வேட்டி சட்டையோடு. சோறு வெந்தது, மாமியார் அதை வடித்து வெளியே கொண்டுபோனார். அடுத்துக் கறிக்குழம்பு. விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நான் வரைபடத்தை விளக்க வேண்டாமா? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எதிர்க் கண்ணாடி அலமாரியின் கதவைத் திறந்து, மார்களின் வாலை அதன் தட்டில் வைத்தேன். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே பாலம்! கச்சிதமாக நின்றது. மூன்றடி இடைவெளி எவ்வளவு சரியான அளவு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"நான் எப்படி வெளிய வாரது?" என்றாள் நவமணி. பாலத்துக்கு அந்தப்பக்கம், 'ப'வின் அடியில் அவள் நின்றாள்.

"குழம்பு ஆகுற வரைக்கும் நீ எதுக்கு வெளிய வரணும்?"

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

கூடத்துச் சுவரில் வண்ணப்படத்தை மாட்டி, போதகருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "புகை நேராக இந்தச் சன்னல் வழியாக வெளியேறிவிடும்" என்று அடிக்கோலை வைத்துக் காட்டியபோது அவர் இரும ஆரம்பித்தார். நான் திரும்பவில்லை. பெயிண்ட் பொசுங்கும் நாற்றம் வந்த பிறகுதான் திரும்பினேன்.

நவமணி கறியைக் கிளறப் பலகைமேல் ஏறியிருந்த நேரத்தில் நெருப்பு பாலத்தின் மேலேயே நடந்து அலமாரிக்குப் போய்விட்டது. இரண்டு கை எனாமல், குபுகுபுவென்று பற்றிக்கொண்டது. ஒரு கண்ணாடி படீரென்று வெடித்தது. அவள் நெருப்புக்கு அந்தப்பக்கம் நின்றாள். தண்ணீர்ப் பானைகள் இந்தப்பக்கம், வாசலுக்கு வெளியே, நான் தள்ளிவைத்த இடத்தில் இருந்தன. நின்ற இடத்திலேயே 'தீ! தீ!' என்று கத்தினேன்.

நவமணி கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். குழம்புப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். இருபது பேருக்கான ஆட்டுக்கறிக் குழம்பை அப்படியே அலமாரிமேல் வீசி ஊற்றினாள். சொய்ங்ங்... மீதியைப் பாலத்தின்மேல் கவிழ்த்தாள். அதற்குள் மாமியார் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்து மிச்சத்தை அணைத்தார். நான் அதுவரைக்கும் அடிக்கோலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவள் கரிந்த மார்களைத் தாண்டி வெளியே வந்தாள். முன்கையில் ஒரு சூடு, சேலைக் கரையில் ஓட்டை. வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போதகர் முன்னாலேயே அழுதேன். அதை மட்டும் இன்றுவரை யாரும் கேலி செய்வதில்லை.

விருந்தாளிகள் சோற்றுக்கு மோர் ஊற்றி, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள். போதகர் வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார். 'இந்த வீட்டாரைத் தீங்குக்கு விலக்கிக் காத்தருளும்' என்ற இடத்தில் என்னைப் பார்த்தாரோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம் இருக்கிறது.

மாமியார் கோபப்படவே இல்லை. "ஏட்டி நவமணி, பிள்ளைத் துணியை எடுத்து வையி" என்றார், அவ்வளவுதான். சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் கயத்தாற்றுக்குப் போய்விட்டார்கள். கருகிய தந்த வெள்ளையும் கறிவாடையும் நானும் வீட்டில் மிஞ்சினோம். பதினைந்து நாள் ஓட்டல் இட்லியைத் தின்றுகொண்டு, பிள்ளையின் முகத்தை மனதுக்குள் வரைந்து பார்த்தேன். மூக்கு சரியாக வரவில்லை. அவ்வளவு குறைவாகத்தான் பார்த்திருந்தேன்.

பதினாறாம் நாள் நவமணியிடமிருந்து ஒரு கார்டு. நலம் விசாரிப்பு ஏதும் இல்லை. 'அடுப்பு தரையில் இருக்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் ஏழடி வெறும் இடம். தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில். அலமாரிக்குக் கதவு வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். ஆசாரியை இங்கே அனுப்புங்கள், அளவு நான் சொல்கிறேன். வேலை முடியும்வரை நீங்கள் உள்ளே போக வேண்டாம்.'

கார்டை எடுத்துக்கொண்டு நானே கழுகுமலைக்குப் போனேன். மாடசாமி ஆசாரி என்னை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுதான் பிளானு" என்றார்.

மூன்று வாரத்தில் சமையலறை எழுந்தது. நவமணி வந்தாள். அந்த அடுப்படியில் முப்பது வருடம் சமைத்தாள், ஒரு நாள்கூட எதையும் இடம் மாற்றவில்லை.

என் பெயர் மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் யார் வீடு கட்டினாலும் என்னைக் கட்டாயம் கூப்பிடுவார்கள். உள்ளே நிறுத்தி, மரியாதையாகக் கருத்துக் கேட்பார்கள். போன மாதம் அந்த ஞானஸ்நானப் பிள்ளையே, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், தன் புது வீட்டில் என்னை நிறுத்தி, "அப்பா, மேடையை எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்று கேட்டாள். நான் நாலா பக்கமும் பார்த்து, வெளிச்சத்தையும் காற்றையும் யோசித்து, "கிழக்கே வைம்மா" என்றேன்.

அவள் கொத்தனாரிடம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீயளா அண்ணாச்சி? மேக்க வச்சிருங்க."