ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை

ஞாயித்துக்கிழமை சீட்டாட்டம் இல்லேன்னா கலியமூர்த்திக்கு உசுரு இல்ல. பொண்டாட்டி புஷ்பாவுக்குத் தெரிஞ்சாலும் உசுரு இல்ல.

"இன்னொரு வாட்டி சென்னீர்குப்பத்துக்கு சீட்டாடப் போன... ஸ்கூட்டர் என் தம்பி நாகேந்திரனுக்கு. சொல்ட்டேன்!"

அந்த சீட்டாட்டக் கிளப்பு முனையில பூ கட்டுற பார்வதம்தான் புஷ்பாவுக்கு உளவு. கட்டுற பூவுலருந்து தலை நிமிர மாட்டா. ஓரக்கண்ணுல கலியமூர்த்தியோட பச்சை ஸ்கூட்டர் பறந்தாப் போதும், மறுநாள் காலைல பூவோட சேதியும் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்துடும்.

ஃபேக்டரி பெயிண்ட் ஷாப்புல விதியேன்னு குந்திக்கினு இருந்தான் கலியமூர்த்தி. பக்கத்துல உலகநாதன், ஏர்ஃபோர்ஸ்ல ரிட்டயரானவரு, ஆரம்பிச்சாரு.

"ஹிட்லர் சண்டையப்போ இங்கிலீஷ்காரன் ஏரோப்ளேனுக்கு அடியில ஒரு றெக்கை கறுப்பு, ஒரு றெக்கை வெள்ளைன்னு அடிச்சான். எதுக்குன்னா..."

எதுக்குன்னு கேக்க கலியமூர்த்தி அங்க இல்ல. சனிக்கிழமையே ஸ்கூட்டருக்கு இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை.

"இன்னா மாமா இது, பாதி கல்யாணம், பாதி கருமாதி?"

"மிச்ச பெயிண்ட்டு புஷ்பா. வீணாவக் கூடாதுல்ல?"

"அழகாத்தான் கீது."

அப்பவே அவன் உஷாராயிருக்கணும். ஆவல.

ஞாயிறு, "ஓவர்டைம்"னுட்டு, மூஞ்சில மப்ளர சுத்திக்கினு கிளம்பினான். போவும்போது பார்வதத்துக்கு கறுப்பு வண்டி. பொழுது சாய வரும்போது வெள்ளை வண்டி. ரெண்டும் எவனோ!

திங்கக்கிழமை காலைல, வாயில பல்பொடியோட கதவாண்ட காத வெச்சான்.

"பச்சை வண்டி வர்ல யக்கா. மதியம் ஒரு கறுப்பு போச்சு, சாயங்காலம் ஒரு வெள்ளை வந்துச்சு. அவ்ளோதான்."

பல்பொடி நுரையோட ஒரு குத்தாட்டம் போட்டான். புஷ்பா காப்பியோட வந்தா.

"மத்தியானம் பூட்டு சாயங்காலம் வரிக்கும் ஆடினியே, ஜெயிச்சியா?"

"நானா? அவதான் வண்டி வர்லன்னு..."

"அவ ஒவ்வொரு பக்கமா பாத்தா. ரெண்டு பக்கத்தையும் தெனம் தொடைக்கிறவ நானு! முன்னல்லாம் 'சும்மா அந்தப் பக்கமா போனேன்'ம்ப. இப்ப எப்ப போன, எப்ப வந்தன்னு கலர் கலரா தெரியுது."

நுரை தொண்டைக்குள்ள எறங்கிச்சு.

"நேத்து உலகநாதண்ணன் உன்னத் தேடிக்கினு வந்தாரு. ஓவர்டைமுன்னேன். 'ஃபேக்டரி லீவாச்சே தங்கச்சி'ன்னு முழிச்சாரு. நீ பாதில உட்ட கதைய என்னாண்ட முடிச்சாரு. அந்த ப்ளேனுக்கு ரெண்டு கலரு எதுக்காம்? கீழருந்து பாக்கறவங்க, போறது நம்மாளுதான்னு அடையாளம் கண்டுக்கறதுக்காம்!"

கலியமூர்த்தி சாவிய எடுத்து நீட்டினான். "உன் தம்பிக்கே குட்த்துடு தாயி."

"ஐயே, எதுக்கு? நீயே ஓட்டு மாமா. பெயிண்ட மட்டும் மாத்திடாதே."