உயிரோடிருக்கும் முன்னாள் உரிமையாளர்

மனித குலம் இலை தழையை விட்டுத் துணிக்கு மாறிய நாள்முதல் எத்தனையோ புரட்சிகளைக் கண்டிருக்கிறது. ஆனால் அடுத்தவர் கட்டி அவிழ்த்த புடவைக்கு 'முன்னரே நேசிக்கப்பட்டது' என்று பெயர் சூட்டி, புதுப் புடவையைவிடக் கூடுதல் விலை வைத்து, வாங்கியவரை உலகத்தையே காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கும் சாதனை, டன்லப் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இயங்கும் 'மறுபடியும்' நிறுவனத்தையே சேரும். அதைக் கடை என்று சொல்லிவிடக் கூடாது. படியேறும்போதே சுவரில் எழுதியிருக்கிறது: 'இது கடை அல்ல, ஓர் உரையாடல்.' உரையாடலின் முடிவில் கார்டு தேய்க்கும் இயந்திரம் இருக்கிறது.

இந்த மகத்தான நிறுவனத்துக்குள் ரத்தினம்மா முதன்முதலில் காலடி வைத்தது மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் வாரத்துக்கு நான்கு நாள் தேநீர் கலக்கிக் கோப்பை கழுவும் வேலை. மார்சிலிங்கில் மகன் ஜெய், மருமகள் சிவானியோடு குடியிருந்தார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் ஈப்போ போய்விட்டு வந்து அலமாரியைத் திறந்தால், உள்ளே மூன்று சுடிதாரும் ஒரு குடையும் மட்டும் இருந்தன. முப்பத்தொரு புடவைகளைக் காணோம்.

"டீக்ளட்டர் பண்ணிட்டோம் அத்தை. டன்லப் தெருவுல 'மறுபடியும்'னு ஒரு எடத்துல குடுத்துட்டோம்," என்றாள் சிவானி. "ஒரு பொருள் நமக்கு ஜாய் குடுக்கலைன்னா அதை விட்டுறணும்."

"எனக்குக் குடுத்துச்சேம்மா."

"நீங்க கட்டவே இல்லையே லா. ஒன்பது வருஷமா உள்ளயே கெடந்துச்சு."

அது உண்மைதான். முப்பது புடவைகளை ரத்தினம்மா மறந்துவிடத் தயார். ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் அவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்த அரக்கு நிறக் கூறைப் புடவை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் செல்வராஜ் போனபிறகு அதை அவர் உடுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அலமாரியைத் திறப்பார், ஒரு தடவை தடவிப் பார்ப்பார், மூடிவிடுவார். இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியும்படி சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது?

'மறுபடியும்' மாடியில் அந்தப் புடவை தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு 'கதை அட்டை'. அங்கே எந்தத் துணியும் கதை இல்லாமல் விற்கப்படுவதில்லை. 'தஞ்சைப் பண்ணையார் வீட்டுப் பேரழகி ஒருவர் நிலவொளியில் உடுத்தியது. முந்தானையில் காலம் இட்ட பழுப்பு நிறக் கையொப்பத்தைக் காண்க. விலை: 680 வெள்ளி.'

"அது ரசம்," என்றார் ரத்தினம்மா.

பணிவோடு வந்து நின்ற பெண்ணின் பெயர் தமன்னா. அவள்தான் நிறுவனர்; கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தலைமை நினைவு அதிகாரி' என்று போட்டிருந்தது. "சாரி ஆன்ட்டி?"

"காலமும் இல்ல, கையெழுத்தும் இல்ல. கல்யாணச் சாப்பாட்டுல எங்க வீட்டுக்காரர் கொட்டுன ரசம். இது என் புடவைம்மா."

தமன்னா இரண்டு அடி பின்வாங்கினாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

இந்தக் கேள்வியின் ஆழம் வெளியாட்களுக்குப் புரியாது. நம் பெண்மணிகள் உலக வெப்பமயமாதலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள்தான். ஆனாலும் புடவையை விரித்து, தோளில் போட்டு, கண்ணாடியில் பார்த்து, கார்டை எடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு சந்தேகம் கேட்பார்கள்: "கட்டுனவங்க இருக்காங்களா?" இருக்காங்க என்று சொன்னால் போதாது. முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டு, கீழே பஞ்சாபி ட்ரெஸ் கடைக்குப் போய்விடுவார்கள். பூமி வெந்து போனாலும் பரவாயில்லை, செத்தவர் புடவை மட்டும் வேண்டாம். ஓர் ஆண்டாக 'மறுபடியும்' இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தது. இப்போது, முதன்முறையாக, ஒரு முன்னாள் உரிமையாளர் தம் சொந்தக் காலில் படியேறி வந்திருக்கிறார்.

"ஐசி இருக்கா ஆன்ட்டி?"

ரத்தினம்மா அடையாள அட்டையைக் கொடுத்தார். தமன்னா படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதாகப் பணியாளர்கள் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் அங்கேயே பேசி முடிவானது. எட்டு சனிக்கிழமை ரத்தினம்மா வந்து உட்கார வேண்டும். அதுவரை கூறைப் புடவைமீது 'ஒதுக்கப்பட்டது' என்ற அட்டை இருக்கும். எட்டாவது சனிக்கிழமை மாலை அது அவருக்கு. வீட்டில் ரத்தினம்மா 'ஓவர்டைம்' என்று சொன்னார். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஜன்னலோரம் ஒரு மூங்கில் நாற்காலி போடப்பட்டு, மேலே பலகை தொங்கியது: 'உயிரோடிருக்கும் முன்னாள் உரிமையாளர். காலை 11 முதல் மாலை 6 வரை.' கூட்டம் குவிந்தது. பெண்கள் புடவையோடு வந்து ரத்தினம்மாவைச் சுற்றிப் பார்த்தார்கள். சிலர் கையைத் தொட்டு, சூடாக இருப்பதை உறுதி செய்துகொண்டார்கள்.

"நீங்க கட்டுனதா?"

"ஆமா."

"நல்லாத்தானே இருக்கீங்க? சுகர், பிரஷர்?"

"சுகர் மட்டும் கொஞ்சம்."

சுகர் மட்டும் என்றால் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதல் இரண்டு வாரத்தில் ரத்தினம்மாவின் முப்பது புடவைகளும் போய்விட்டன. மூன்றாவது வாரம் முதல், நிறுவனத்தின் மற்ற நானூறு புடவைகளையும் அவரே கட்டியிருந்ததாகத் தெரியவந்தது. ஒருநாள் ஒரு சீனப் பெண்மணி வாங்கிய கெபாயா என்ற மலாய் உடையைக்கூட அவர் கட்டியிருந்தார். வாய் திறந்து பொய் சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். ரத்தினம்மாவும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை ஓர் அம்மாள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"அவர் போயி ஒன்பது வருஷமாச்சு."

அந்த அம்மாள் கையிலிருந்த புடவை தானாகக் கீழே இறங்கியது. மாலைக்குள் பதினோரு புடவைகள் திரும்பி வந்தன. அவசர ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது. திரையில் வரைபடங்கள் காட்டப்பட்டன. 'உரிமையாளர் உயிரோடிருப்பது தேவையான நிபந்தனை. ஆனால் போதுமான நிபந்தனை அல்ல' என்று ஆய்வு முடிவு வாசிக்கப்பட்டது. ஆறாவது வாரம் ரத்தினம்மாவின் பக்கத்தில் இன்னொரு மூங்கில் நாற்காலி வந்தது. அதில் தனசேகரன் இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தொலைக்காட்சி நாடகங்களில் இரண்டு முறை மாமனாராகவும் மூன்று முறை பிணமாகவும் தோன்றியவர். பட்டு வேட்டியில் கம்பீரமாகத்தான் இருந்தார்.

"இது தப்பும்மா," என்றார் ரத்தினம்மா.

"நாங்க ஹஸ்பண்ட்னு எங்கயும் எழுதலை ஆன்ட்டி," என்றாள் தமன்னா. "பக்கத்துல ஒரு சேர் போடுறோம், அவ்ளோதான். கஸ்டமர் என்ன நினைக்கிறாங்கங்கிறது அவங்க உரிமை. அதுல நாம தலையிடக் கூடாது."

இத்தனை உயர்ந்த நெறிக்கு என்ன பதில் சொல்ல முடியும்? இன்னும் மூன்று சனிக்கிழமைதான் என்று ரத்தினம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருந்த செல்வராஜின் படத்தை அவரால் இரண்டு வாரம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒரு புடவைக்காக இவ்வளவு தூரம் இறங்கிவிட்டோமே என்று தன்மேலேயே கோபமாக இருந்தது.

எட்டாவது சனிக்கிழமை மாலை நாலரைக்கு சாமுண்டீஸ்வரி என்றொரு அம்மாள், கல்யாணப் பெண்ணான மகளோடு வந்தார். மகளுக்குப் பழைய கூறைதான் வேண்டுமாம். அதுதான் பூமிக்கு நல்லதாம். தாய்க்கு அதைக் கட்டியவர் தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும். அதுதான் மகளுக்கு நல்லது. இரண்டு கொள்கைகளும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வந்து கைகுலுக்கின.

"எவ்ளோன்னாலும் சரி," என்றார் சாமுண்டீஸ்வரி.

தமன்னா 'ஒதுக்கப்பட்டது' அட்டையைப் பூ எடுப்பதுபோல் எடுத்துவிட்டு, ரத்தினம்மாவின் காதோரம் குனிந்தாள். "ஆன்ட்டி, வேற எந்தப் புடவை வேணும்னாலும் ரெண்டா எடுத்துக்கங்க. இந்தப் புடவை ஒரு புது வாழ்க்கைக்குப் போகுது. அதை நாம செலிப்ரேட் பண்ணணும்."

"பேசுனது வேறம்மா."

"பேசுனதுதானே ஆன்ட்டி, எழுதலையே."

அதற்குள் சாமுண்டீஸ்வரி மகளை இழுத்து வந்துவிட்டார். "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க. பிள்ளை கால்ல விழுந்து வாங்கிக்கட்டும்." அந்தப் பெண் புடவையைக் கையில் ஏந்தியபடி தரையில் மண்டியிட்டாள். தனசேகரன் தொழில் சுத்தமாக வலது கையை உயர்த்தினார். நல்ல பெண், முகத்தில் கள்ளம் இல்லை. ரத்தினம்மாவால் அதற்குமேல் முடியவில்லை.

"எந்திரிம்மா," என்றார். "இவரு என் வீட்டுக்காரர் இல்ல. மணிக்குப் பன்னண்டு வெள்ளிக்கு வர்றாரு. என் வீட்டுக்காரர் செத்துப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். தனசேகரனின் கை மட்டும் சற்று நேரம் மேலேயே நின்றது.

"இட்ஸ் ஓகே மா, புடவைதானே," என்றாள் மகள்.

"கீழ வை அதை," என்றார் சாமுண்டீஸ்வரி. ரத்தினம்மாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லவேளை, முன்னாடியே சொன்னீங்க." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் புடவைகளை அங்கங்கே போட்டுவிட்டுப் போனார்கள்.

தமன்னா கோபப்படவில்லை. பெரிய நிறுவனங்கள் கோபப்படுவதில்லை. "இனிமே இதை யாரும் தொட மாட்டாங்க. நீங்களே எடுத்துக்கங்க ஆன்ட்டி," என்று கணினியின் முன் உட்கார்ந்தாள். 'உரிமையாளரிடம் திரும்ப ஒப்படைப்பு' என்ற பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."

"ஏன்?"

தமன்னா திரையைப் படித்தாள். துணி கொடுக்க வருகிறவர்கள் நிரப்பும் படிவம் அது. 'உரிமையாளர் உயிரோடு இருக்கிறார்' என்ற கட்டத்தில் குறியிட்டால் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். 'காலமாகிவிட்டார்' என்ற கட்டத்துக்குப் பிள்ளையின் கையெழுத்தே போதும். குறி இரண்டாவது கட்டத்தில் இருந்தது. கீழே ஜெய்யின் கையெழுத்து, உறவு: மகன். தேதி மார்ச் மூன்று. அன்றைக்கு ரத்தினம்மா ஈப்போ கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெரி காமன் ஆன்ட்டி," என்றாள் தமன்னா ஆறுதலாக. "சைன் வாங்குறது தொந்தரவுன்னு நிறையப் பேரு இப்படித்தான் டிக் பண்றாங்க." பிறகு, 'கழிவு' என்ற பிரிவில் பதிந்து, கூறைப் புடவையைக் காகிதப் பையில் போட்டு நீட்டினாள்.

ரத்தினம்மா நாற்காலியில் உட்கார்ந்து புடவையை மடிமேல் வைத்துக்கொண்டார். நியாயமாகச் சொன்னால் 'மறுபடியும்' நிறுவனத்தை அவரால் குறை கூற முடியாது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்த்தார்கள். எட்டு வாரம் ஊரைக் கூட்டித் தொட்டுப் பார்க்க வைத்தார்கள். அவ்வளவு அக்கறை வேறெங்கும் கிடைத்ததில்லை.

கைத்தொலைபேசி அடித்தது. ஜெய்.

"அம்மா, ஓவர்டைம் முடிஞ்சுதா? வர்ற வழியில தேக்கா மார்க்கெட்டுல எறங்கிக் கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துருங்க. சிவானி கேக்குறா."

"காலமானவங்க கறிவேப்பிலை வாங்கிட்டு வர மாட்டாங்கப்பா," என்று சொல்லிவிட்டு ரத்தினம்மா தொலைபேசியை வைத்தார்.