ஊர்காட்டியார்

கோயமுத்தூரில் பஞ்சாலைச் சங்குகளுக்கு அடுத்தபடியாக ஓயாமல் ஒலிக்கும் ஓர் இனம் உண்டு. ஊர்காட்டிகள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் மற்றவர்கள் "வாங்க, உக்காருங்க" என்பார்கள். ஊர்காட்டி, "உக்காராதீங்க, வண்டி வெளியிலதான் நிக்குது" என்பார். வந்தவர் எதற்கு வந்தார் என்பது அவருக்குப் பொருட்டில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை வேளாண் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோய், அழுத கண்ணோடு திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இவர் காட்டுவது என்ன என்கிறீர்களா? பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவர். கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ விமான நிலையமோ, கேட்டுக்கு எதிரே வண்டியை உருட்டுவார்; இன்ஜினை அணைக்க மாட்டார்; முழங்கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு ஒரு விரலை நீட்டுவார். "ஆசியாவிலேயே முதல்ல வந்ததுங்க." ஆசியா கைகொடுக்காத இடத்தில் தென்னிந்தியா. அதுவும் சந்தேகமாக இருந்தால், "மெட்ராஸ்ல கூட இல்லீங்க." உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் உள்ளே போனதில்லை.

பீளமேட்டில் பம்புசெட்டு உதிரிபாகம் வார்க்கும் பட்டறை வைத்திருக்கும் சீனிவாசலு இந்த இனத்தின் உச்சம். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஊரைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் கொங்குத் தமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு ஒரே மகள், சாய்ப்ரியா. மூன்று வருஷமாக வரன் பார்க்கிறார்கள். போன தை மாதம் ராஜபாளையத்திலிருந்து வந்தவர்கள் விமான நிலையச் சுவரை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அலுப்பில் பாதிப் பேச்சோடு பஸ் ஏறிப் போனார்கள். அதற்கப்புறம் பொருந்தி வந்த ஒரே ஜாதகம் கோவில்பட்டி மோகன்குமாருடையது. இதையும் விட்டால் அடுத்த ஆவணிதான் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். சீனிவாசலுவின் மனைவி கோமளா அதை இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையும் அவன் அப்பா வேங்கடசாமியும் அம்மா பங்காரம்மாவும் சிங்காநல்லூரில் உறவுக்காரர் வீட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். மூன்று மணிக்குப் பெண் பார்ப்பது. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்களுக்கு பஸ். சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு எவ்வளவு தூரம்? கால் மணி நேரம். சீனிவாசலு தன் மாருதி வேனை எடுத்துக்கொண்டு ஒன்றரைக்கே போய்விட்டார்.

"நேரம் நெறையா இருக்குதுங்க. சும்மா ஒரு சுத்து."

பீளமேடு வடக்கே. வண்டி மேற்கே போனது.

பேரூரில் கோயில் நடை சாத்தியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சங்கடப்பட்டிருப்பார்கள். சீனிவாசலுவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கோபுரம் வெளியில்தானே இருக்கிறது? அங்கிருந்து வேளாண் பல்கலைக்கழகம், வனக் கல்லூரி, இன்னொரு கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு இடம் கொடுத்தவருடைய வீடு, அந்த வீட்டுக்கு ஓடு போட்ட மேஸ்திரி இருந்த தெரு என்று நீட்டிய விரல் மடங்காமல் போய், மருதமலை அடிவாரத்தில் வண்டி நின்றபோது மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

"மேல வரைக்கும் வண்டி போகுமாமே?" என்றாள் பங்காரம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டு.

"போகுமுங்க. ஆனாப் படியேறிப் போனாத்தானுங்க ஊரு தெரியும்."

ஏறினார்கள். முருகனைக் கும்பிட ஐந்து நிமிஷம். ஊரைப் பார்க்க முப்பது. வெயிலில் பரந்து கிடந்த நகரத்தை சீனிவாசலு வலமிருந்து இடமாக ஒவ்வொரு புகைபோக்கியாகப் பேர் சொல்லி அறிமுகப்படுத்தினார்.

"அதோ, தூரத்துல வெள்ளையாத் தெரியுது பாருங்க. அதுக்குப் பக்கத்துலதான் நம்ம ஊடு."

பங்காரம்மா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "நாங்க வந்தது அங்க போறதுக்குத்தான் அண்ணா."

வேங்கடசாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றரை மணியிலிருந்தே ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி அவினாசி ரோட்டைப் பிடித்து, வழியில் விட்டுப்போன மூன்று வாசல்களுக்கும் மரியாதை செலுத்தி, வீட்டுத் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். சீனிவாசலு கடிகாரத்தைப் பார்த்தார். முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"எங்கீங்க இருக்கறீங்க?" என்றாள் கோமளா. "பஜ்ஜி ரெண்டு தடவ போட்டு ரெண்டு தடவயும் ஆறிப்போச்சு."

"தெருமுனையிலதான் நிக்கறோம்."

"அப்ப வாங்க."

"ராகு காலத்துல எப்படி அம்மணி வாசப்படி ஏத்தறது?"

"மூணு மணிக்கு ராகு காலம் இல்லீங்களே."

இதற்குப் பதில் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. சீனிவாசலு தொண்டையைச் செருமினார். "ஆறு மணி வரைக்கும் வண்டியிலயே குத்த வெச்சிருக்க முடியுமா? கல்லூரி மைதானத்துல கூடைப்பந்து பைனல் நடக்குது. அகில இந்தியப் போட்டி. காட்டிப்போட்டு ஆறு அடிச்சதும் கூட்டியாறேன்."

ஆறு அடித்தது. ஆனால் இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. நாலு புள்ளி வித்தியாசம். எந்த ஊர்காட்டி எழுந்து வருவார்?

ஆறே காலுக்கு மைதான வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாம்பழக் கலர் பட்டில் சாய்ப்ரியா. பின்னால், மூன்றாவது தடவை போட்ட பஜ்ஜியைத் தூக்குப்போசியில் நிறைத்துக்கொண்டு கோமளா. கேலரியில் இருந்த நானூறு பேரும் ஒரு நிமிஷம் பந்தை மறந்தார்கள். ஒருவரைத் தவிர.

"ஆரும்மா அது, ஸ்கோர் போர்டு மறைக்குது. கொஞ்சம் ஒதுங்கு."

"நாந்தானுங்கப்பா."

கோமளா அவரைப் பார்க்கவே இல்லை. பங்காரம்மாவுக்கும் வேங்கடசாமிக்கும் நடுவில் மகளை உட்கார வைத்தாள். சிமெண்டுப் படியில் வாழையிலைத் துண்டுகளைப் பரப்பி, சூட்டோடு சூடாகப் பஜ்ஜியை வைத்தாள். பங்காரம்மா முதல் பஜ்ஜியை வாயில் போட்டாள். மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணி குடிக்காத முகம் மெல்ல இளகியது.

மாப்பிள்ளை இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டுக் கேட்டான்: "நீங்க மருதமலைக்கு அடிக்கடி போவீங்களா?"

"விருந்தாளி வந்தாத்தானுங்க போவோம்," என்றாள் சாய்ப்ரியா. "முழங்கால் வலி இல்லாத விருந்தாளியா இருந்தா நல்லது."

மோகன்குமார் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். பங்காரம்மா சிரித்ததில் பஜ்ஜி புரையேறியது. முதுகைத் தட்டிவிட்டவள் சாய்ப்ரியாதான். அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெயர், படிப்பு, சமையல் என்று எழுதி வைத்திருந்த கேள்விகளெல்லாம் பங்காரம்மாவின் கைப்பையிலேயே தங்கிவிட்டன.

"எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு அண்ணா," என்றாள் அவள்.

சீனிவாசலு ஆட்டத்திலிருந்து திரும்பினார்.

"ஊருங்க? ஊரு பிடிச்சுதுங்களா?"

கோமளா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருஷமும் அந்த மூடிய இமைக்குள் ஓடியிருக்க வேண்டும்.

அப்போதுதான் வேங்கடசாமி வாயைத் திறந்தார். "நல்ல ஊருதான் சம்மந்தி. நிச்சயதார்த்தத்த எங்க ஊர்ல வச்சுக்கிடுவோம். மொத நாளே வந்துருங்க. வண்டி நான் கொண்டாறேன்."

"வண்டி எதுக்குங்க? மண்டபத்துக்கு வந்தாப் போதாதுங்களா?"

"அப்படிச் சொன்னா எப்படி? கோவில்பட்டி ஹாக்கி கேள்விப்பட்டிருப்பீகள்ல? அந்த கிரவுண்டப் பாக்கணும். கழுகுமலை பாக்கணும், ஏறித்தான் பாக்கணும். தீப்பெட்டி ஆபீசுக அம்புட்டும் வரிசையா இருக்கு." சொல்லச் சொல்ல அவர் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. "ஆசியாவிலேயே..."

சீனிவாசலுவின் முகம் வெளுத்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். திறந்தது மட்டுமல்ல, அன்றைக்கு அவளை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்திருக்கவில்லை.

"போலாமுங்க," என்றாள். "ஒரு நாள் என்ன, ரெண்டு நாள் முன்னாலயே கூட்டிட்டு வந்துடறேன் அண்ணா. இவுரு நல்லாப் படியேறுவாரு."

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். உங்களிடம் வேனும் கிடையாது, நீங்கள் யாரையும் மலையேற்றியதும் கிடையாது. போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு ருசிக்குப் பேர்போன நம்ம சிறுவாணித் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். அவர் குடித்து முடித்து வாயைத் துடைக்கும்வரை டம்ளரைக்கூட வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பாவம், தாகம் தீர்ந்தது அவருக்கு.

"இன்னொரு டம்ளர் குடிச்சுப் பாருங்க" என்றது யார்?