நைனாவைப் பேசவைத்த மிதவை

எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாமல் போனதற்கு முழுக் காரணமும் நான்தான். அப்போது சித்தியின் மேலும் நண்டின் மேலும் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். இப்போது எனக்கே ஒரு குடும்பம் ஆகிவிட்டது. ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பொன்னேரிப் பக்கம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடக் கனவு கண்டேன் என்பதே சரி. காலேஜ் லேபில் ஒரு த்ரீ-டி பிரிண்டர் வந்து இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் இழையை உருக்கிக் கோலம் இழுப்பதுபோல ஒரு வரி இழுக்கும். அதன் மேல் இன்னொரு வரி. கடலோடு கலக்கும் எங்கள் ஏரியில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று பார்த்தால் முழங்கால் நனைந்திருக்கும். அதில் பொருள் வளர்வதும் அப்படித்தான். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அதைவிடப் பெரிய மயக்கம், டிசைன்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் இணையதளம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் தாங்கள் வரைந்ததை அங்கே சும்மா போடுவார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி, அச்சடித்து, 'நான் செய்தது இதோ' என்று கீழே படம் போடலாம். ஒருவர் சோப்பு டப்பா போட்டால், பூமியின் அந்தப் பக்கத்தில் ஒருவர் அதை மாற்றிப் பூந்தொட்டி ஆக்கியிருப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். வெளியே ஏரியில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். அவற்றையும் யாரோ அச்சடித்து நட்டுவைத்ததுபோலத் தோன்றும். (இறங்கும் இடத்தைத் தவறவிட்டு நடந்து வந்த நாட்கள் பல.)

அந்தத் தளத்தில் என் பெயரிலும் ஒரு டிசைன் இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நைனாவும் அம்மாவும் ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போடுவார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக, தினமும் நாலு மணி நேரம், பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேச முடியாமல்! அந்த வாய்களுக்கு விடுதலை வாங்கித் தருவதுதான் என் பிறவிப் பயன் என்று நினைத்தேன்.

நீச்சல் குளத்தில் ஜூஸ் டம்ளரை மிதக்கவிட யாரோ போட்டிருந்த டிசைனை எடுத்து, அகலமாக்கி, நடுவில் இறால் போடக் கூடை தொங்கும்படி மாற்றினேன். எட்டுத் துண்டாக அச்சடித்து ஒட்டினேன். லேபில் ஊதா நிற இழைதான் இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு பழைய டியூப கட்டிக்கினா ஆவாதாடி?"

"டியூப நெட்ல போட முடியாதும்மா."

மறுநாள் காலை ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் மிதவையைக் கட்டிவிட்டு, அதன் விளிம்பில் என் போனைப் பாலிதீன் கவரில் போட்டு, வீடியோவை ஓடவிட்டுக் கரைக்கு வந்துவிட்டேன். தூரத்தில் இரண்டு தலைகள், நடுவில் ஓர் ஊதாப் புள்ளி. இரண்டு வாய்களும் அசைந்தன. பேசுகிறார்கள்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போகப் போகக் கைகளும் அசைந்தன. ஆகா, என்ன குஷி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா முதலில் கரையேறினாள். மிதவையை என் காலடியில் போட்டாள்.

"எப்டிம்மா இருந்துச்சு?"

"உங்க நைனாவக் கேளு."

மதியம் சோறு இல்லை. அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு காட்டூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள். நைனாவைக் கேட்டால், வலையே இல்லாத மனிதர், பக்கத்து வீட்டுக்காரன் வலையை எடுத்துவைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சரி, அம்மா ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். (இப்படி ஒரு பிள்ளை.) போன் ஸ்பீக்கரில் உப்புத் தண்ணீர் புகுந்து சத்தம் வரவில்லை. படம் மட்டும் பார்த்தேன். அழகாக இருந்தது. மறுநாள் காலேஜிலிருந்து டிசைனோடு வீடியோவையும் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை திறந்தால் கீழே அறுபத்தேழு கருத்துகள். யாரோ ஒரு மலேசியத் தமிழர், ஊருக்கு உதவியாக, அம்மா நைனா பேசியது முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டிருந்தார். கெட்ட வார்த்தை வந்த இடங்களில் நட்சத்திரக் குறி வேறு. எங்கள் வீட்டுச் சண்டையை நான் முதன்முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தேன். நம்ப முடியாமல் நண்பியின் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

"வாய் காலியா கீது. இன்னா பேசறதுமே?" இது நைனா.

"எதுனா பேசுய்யா."

நைனா யோசித்தார். அவரும் என்னைப்போலக் கனவு காண்பவர்தான். "என் தம்பி பொண்டாட்டி அன்னிக்கு நண்டுக் கொழம்பு வெச்சாளே... இன்னா ருசி! அதுக்குப் பேரு கொழம்பு."

"அப்போ நான் வெக்கிறதுக்கு இன்னா பேரு?"

நைனா, யோசித்து, நியாயமாக: "அது பசிக்கு."

அதன்பிறகுதான் நட்சத்திரக் குறிகள்.

காட்டூருக்கு ஓடினேன். அம்மா மாமா வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வீடியோ விஷயத்தைச் சொன்னேன். துடைப்பத்தைத் தேடினாள்.

"உலகத்துக்கே சொல்ட்டியாடி?"

"எல்லாரும் உன் பக்கம்தாம்மா!"

தேடுவது நின்றது. "இன்னா சொல்றாங்க?"

படித்துத் தமிழில் சொன்னேன். பிரேசிலில் ஒரு அம்மா, 'அவரையே சமைக்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். ஜெர்மனியில் ஒருவர், மிதவை இடது பக்கம் சாய்கிறது, கணவர் சொன்னது தவறு என்று இரண்டு குறைகளையும் ஒரே வரியில் முடித்திருந்தார். அம்மா கீரையை மறந்துவிட்டாள்.

"அந்தப் பிரேசில் பொம்பள சொன்னத இன்னொரு வாட்டி படி."

ஐந்து வாட்டி படித்தேன். ஆறாவது வாட்டி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை எங்கள் வீட்டு அடுப்பை நைனா பற்றவைத்தார். நண்டை உடைத்தார், விரலையும் கொஞ்சம் உடைத்துக்கொண்டார். புளி அள்ளிப் போட்டார். பரிமாறிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல எங்களைப் பார்த்தார்.

"எப்டி கீது?"

அம்மா ஒரு வாய் தின்றாள். முந்தானை நுனியை எடுத்துப் பறியைக் கடிப்பதுபோலப் பல்லால் கடித்துக்கொண்டு, எங்கோ பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். முதலில் சிரித்தது நைனாதான்; புரையேறும்வரை சிரித்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் பழையபடி பறியோடு ஏரியில் இறங்கினார்கள். என் மிதவையை யார் யாரோ அச்சடித்தார்கள். ஒருவர் வீட்டில் அதில் பூனை தூங்குகிறது.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து சாப்பாட்டைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. கையில் கிடைத்த துணியைக் கடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமாகி முதல் விருந்தில் எல்லாரும் துண்டைக் கடிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார். போன ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த மீன்குழம்பை ஒரு வாய் வைத்ததும், அவரே சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனாவை முறைத்தேன். அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்; வாயில் துண்டு.